நாலு இன்ஜெக்டரும் ஒரு நிதானமான காலும்

இனிமேல் இந்தக் காரைத் தன்னைத் தவிர வேறு ஒருத்தரும் ஓட்ட முடியாதபடி பண்ணிவிடுவது என்று நம்மாள் சபதம் எடுத்தார்.

சபதம் எடுத்த இடம் குளியலறை. அந்த வீட்டில் அவர் வாய்விட்டுப் பேசக்கூடிய இடம் அது ஒன்றுதான். கூடத்தில் பேசினால் தொட்டிலில் இருக்கும் பாப்பா எழுந்துவிடும். அடுக்களையில் பேசினால், "சும்மாத்தானே நிக்கிறீங்க" என்று மனைவி அவர் கையில் வெங்காயத்தைக் கொடுத்துவிடுவாள்.

சபதத்துக்குக் காரணம் உள்ளங்கை அளவில் ஒரு அட்டை. டிரைவிங் லைசென்ஸ். அவருடையது இல்லை, மனைவியுடையது.

எப்போது கற்றாள், எப்போது டெஸ்டுக்குப் போனாள், ஒன்றும் அவருக்குத் தெரியாது. அவர் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பாப்பாவை மேல் வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, சத்தம் போடாமல் காரியத்தை முடித்திருக்கிறாள். நேற்று அவர் சாப்பிடும்போது அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில், உப்பு வைப்பதுபோல வைத்தாள்.

"ஏங்க, இனிமே பாப்பாவுக்கு ஊசி போட, கடைக்குப் போக எல்லாம் நானே காரை எடுத்துக்கிறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

அலைச்சலைப் பற்றி அவள் கவலைப்பட ஆரம்பித்தால் ஏதோ ஒன்று கைமாறப் போகிறது என்று அர்த்தம். டிவி ரிமோட் அப்படித்தான் போனது. ஜன்னலோரக் கட்டில் பக்கமும் அப்படித்தான் போனது.

கார் போகக் கூடாது. பழைய கார்தான், ஏற்கெனவே ஒருத்தர் ஓட்டிச் சலித்துக் கொடுத்ததுதான். ஆனால் டர்போ வைத்த கார். டர்போ என்றால் என்ன என்று அவர் விளக்காத ஆள் அந்தத் தெருவில் பாக்கி இல்லை. எஞ்சின் விடுகிற புகையே ஒரு காற்றாடியைச் சுற்றுமாம். அந்தக் காற்றாடி காற்றை அள்ளி எஞ்சினுக்குள்ளேயே திரும்ப ஊதுமாம். அடுப்பை ஊதாங்குழல் வைத்து ஊதுவதுபோல நெருப்பு குபுகுபுவென்று பிடிக்குமாம். இதை அவர் கடைசியாக விளக்கியது பால் போட வந்தவரிடம். அன்றிலிருந்து பால்காரர் பாக்கெட்டை வாசலிலேயே எறிந்துவிட்டு ஓடுகிறார்.

"கார் தர முடியாது" என்று மனைவியிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் வேண்டும். இருந்த தைரியத்தை எல்லாம் கல்யாணத்தன்று மேடை ஏறவே செலவழித்துவிட்டார். அதனால்தான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் சிநேகிதனுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பேசினார். சிநேகிதனுக்கு ஆபீசில் வைத்த பேர் தீக்குச்சி. தொட்ட இடம் பற்றும்.

"டேய், சாவி அவ கைக்குப் போச்சுன்னா திரும்பி வராதுடா."

"ஏன் வராது? வீட்டுச் சாவி குடுத்தியே, திரும்பி வந்துச்சா?"

"வரல."

"பீரோ சாவி?"

"வரல."

"ஏடிஎம் கார்டு?"

"டேய், நீ ஆறுதல் சொல்றியா, விசாரணை பண்றியா?"

"சரி சரி, அழாத. ஒரு வழி இருக்கு. வண்டியை முரடாக்கிடு. இன்ஜெக்டரைப் பெருசா மாத்து. பெட்ரோல் வர்ற குழாயையும் பெருசா மாத்து. டர்போ காத்தைத் தள்ளும், இன்ஜெக்டர் பெட்ரோலைத் தள்ளும், வண்டி உன் பொண்டாட்டியைத் தள்ளும். ஒரே மிதி. 'அம்மாடி'ன்னு சாவியை அவளே உன் கையில வெச்சிடுவா."

நம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கெட்டில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். குளியலறை ஜன்னலும் அடுக்களை ஜன்னலும் ஒரே சந்துப் பக்கம்தான் திறக்கின்றன என்பது அந்தச் சிரிப்பில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வெளியே வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்தா பாரும்மா, நீ ஓட்டப்போற வண்டி. நல்லா இருக்கணும் இல்லையா? இன்ஜெக்டர் எல்லாம் மாத்திடலாம்னு பாக்கிறேன்" என்றார்.

"சரிங்க" என்றாள் அவள்.

ஒரு கேள்வி இல்லை. ஒரு முறைப்பு இல்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

நம்மாளுக்கு வேலை, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் ஃபோன் எடுப்பது. எங்கே லிஃப்ட் நின்று யார் உள்ளே மாட்டிக்கொண்டாலும், "பதட்டப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லவேண்டும். இதைப் பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி, தானும் ஒரு மெக்கானிக்தான் என்ற எண்ணம் அவருக்கு உள்ளூர ஊறிவிட்டது. அதனால் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார்.

அதில்தான் ஒரு சிக்கல். அவருக்கு வீடியோ பார்க்க நேரம் கிடைப்பது பாப்பா தூங்கும்போது. பாப்பா தூங்கும்போது சத்தம் வைக்க முடியாது. காதில் மாட்டுகிற ஒயரைப் பாப்பா என்றைக்கோ கடித்துத் துப்பிவிட்டது. ஆகவே இன்ஜெக்டர் மாற்றுகிற வித்தை முழுவதையும் அவர் ஊமைப்படமாகத்தான் பார்த்தார்.

வீடியோவில் வருகிற ஆள் முதலில் ஒரு டப்பாவைத் திறந்து சின்னதாக எதையோ பிடுங்கிப் போட்டுவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக அடங்கும்வரை காத்திருந்தான். 'டீ குடிக்கப் போறான் போல' என்று நம்மாள் தள்ளிவிட்டுப் பார்த்தார். எல்லாம் மாட்டி முடித்தபிறகு அந்த ஆள் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். 'வீடியோவை ஏத்துறான்' என்று நம்மாள் அதையும் தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்துகிற இடம். பனியன், லுங்கி, தலையில் ஒரு துண்டு. புது இன்ஜெக்டர் நாலையும் பாப்பாவின் துணி விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். பெட்ரோலைச் சாரல் மாதிரி எஞ்சினுக்குள் தெளிக்கிற மூக்கு அது. பக்கத்தில் இரும்பு வலை பின்னிய புதுப் பெட்ரோல் குழாய், பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது.

ஸ்பானரை எடுத்தார். பழைய குழாயின் மூட்டைப் பிடித்தார். ஒரு திருகு. அவ்வளவுதான்.

வீடியோ ஆள் முதலில் பிடுங்கிப் போட்டு எஞ்சினை அடங்கவிட்டது டீ குடிக்க இல்லை, குழாயில் நிற்கிற அழுத்தத்தை இறக்குவதற்கு என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பெட்ரோல் சீறிக்கொண்டு வந்து அவர் நெஞ்சு, கழுத்து, மீசை எல்லாம் அபிஷேகம் பண்ணியது.

சொட்டச்சொட்ட மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். மனைவி கதவை விரல் அளவு திறந்து மோந்து பார்த்தாள். உடனே ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"உள்ள வராதீங்க. அப்படியே நில்லுங்க."

"எரியுதும்மா!"

"எரியாம இருக்கத்தான் வெளிய நிக்கச் சொல்றேன். பதட்டப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு."

ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்பும் வந்தன. ஆள் வரவில்லை. படிக்கட்டு முனையில், போகிறவர் வருகிறவர் எல்லாம் நலம் விசாரிக்க, நம்மாள் குளித்து முடித்தார்.

மானம் போனாலும் மனம் தளரவில்லை. திரும்பக் கீழே இறங்கினார். இன்ஜெக்டரின் கழுத்தில் மோதிரம் மாதிரி ரப்பர் வளையம் இருக்கும். அதில் துளி எண்ணெய் தடவினால்தான் கிழியாமல் உள்ளே இறங்கும். இதை வீடியோவில் கண்ணால் பார்த்திருந்தார். எண்ணெய்க்கு எங்கே போவது? பாப்பாவின் பேபி ஆயிலை எடுத்துத் தடவினார். நாலு இன்ஜெக்டரும் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி கமகமவென்று உள்ளே இறங்கின. குழாயை மாட்டினார். ஒழுகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பாராட்ட ஒரு ஈ இல்லை.

சாவியைத் திருகினார்.

கார் இருமியது. தும்மியது. பிறகு பின்னாலிருந்து கரும்புகை கிளம்பியது பாருங்கள், கொடியில் காய்ந்துகொண்டிருந்த மேல் வீட்டு அக்காவின் வெள்ளைப் படுக்கை விரிப்பை நேராகப் போய்க் கட்டிக்கொண்டது.

"யாருய்யா அது கீழ ரயில் விடுறது!" என்று மேலே ஜன்னல் திறந்தது.

கார் இன்னொரு தடவை விக்கியது. பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி இறங்கி வந்தாள். காரைச் சுற்றி வந்தாள். குனிந்து புகைக்குழாயைப் பார்த்தாள். நம்மாளுக்கு அதுதான் பயம்.

"வண்டி என்னைத் தள்ளும்னு பாத்தேன். கடைசியில நாமதான் வண்டியைத் தள்ளணும் போல" என்றாள்.

இந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு. எங்கே என்று யோசிக்க நேரம் இல்லை.

"எல்லாம் சரியாத்தாம்மா மாட்டினேன். ஏன் இப்படி மூச்சு முட்டுதுன்னு தெரியல."

"ஓட்டை பெருசா இருக்குமா?"

"ஆமா, பழசைவிடப் பெரிய ஓட்டை. அதுதானே விசேஷமே!"

"பாப்பாவுக்குப் பால் பாட்டில்ல பெரிய பிள்ளைங்க நிப்பிளை மாட்டிட்டீங்களே ஒரு நாள், ஞாபகம் இருக்கா? மடக் மடக்னு வந்து பாவம், புரையேறி மூக்கு வழியா வந்துச்சே. அதே கதைதான். பெரிய ஓட்டை வெச்சா, மெதுவாக் குடின்னு அதுக்கு யாராவது சொல்லணும் இல்ல?"

நம்மாள் எஞ்சினைப் பார்த்தார். லேப்டாப் மடியில் வைத்த வீடியோ ஆள் கண்முன் வந்து நின்றான். எந்த அளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்த லேப்டாப். பாவி, அதைச் சத்தமாகச் சொல்லியிருப்பான்.

"இதுக்குன்னே ஒரு ஆள் இருக்காராம். டிரைவிங் ஸ்கூல்ல சொன்னாங்க. நம்பர் வாங்கிட்டேன், வரச் சொல்லவா?" என்றாள்.

"எப்ப வாங்கின?"

"போன வாரம்."

போன வாரம் கார் நன்றாகத்தானே ஓடியது? இதையும் அவர் யோசித்திருக்கலாம். ஆனால் மேல் வீட்டு அக்கா கரி படிந்த விரிப்போடு படி இறங்கி வந்துகொண்டிருந்தார். நம்மாள் சட்டென்று காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, அங்கிருந்தபடியே, "வரச் சொல்லு, வரச் சொல்லு" என்றார்.

வந்தவர் ஒல்லியான, தூக்கம் தெளியாத கண்ணுக்காரர். எதைக் கேட்டாலும், "மேப்பு மாத்திடலாம்" என்பார். மேப்பு என்றால், எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டருக்குள் எழுதி வைக்கிற அட்டவணை. ஒயரை மாட்டி, ஏதோ தட்டினார். கார் புகை இல்லாமல் கிளம்பியது. அப்படியே வீட்டுக்குப் பின்னால், கிடங்குகளுக்கு நடுவில் போகிற நீளமான காலித் தெருவுக்குப் போனார்கள். பாப்பாவோடு மனைவியும் பின் சீட்டில் வந்தாள். "காத்து வாங்கிட்டு வரோம்" என்றாள். தெருமுனையில் மரத்தடி பெஞ்சு பார்த்து இறங்கிக்கொண்டாள்.

ஓட்டுகிறவர் ஒரே மாதிரி மிதித்து ஒரே வேகத்தில் போனால்தான் மேப்புக்காரர் எண்களைப் பார்த்துத் திருத்த முடியும். நம்மாளுக்கோ கால் நிற்கவில்லை. புது இன்ஜெக்டர் வேகம் பிடித்ததும் 'ஆஹா' என்று ஒரு மிதி. உடனே பயம் பிடித்து ஒரு பிரேக். மேப்புக்காரரின் லேப்டாப் டாஷ்போர்டுக்கும் மடிக்கும் பந்தாடியது.

"அண்ணே, கால்ல எறும்பு ஏதும் கடிக்குதா?"

"இல்லையே!"

"அப்ப கொஞ்சம் நிறுத்துங்க. எஞ்சின் வெடிச்சாக்கூடப் பரவால்ல, லேப்டாப் வாடகைக்கு எடுத்தது. வேற யாராவது நிதானமா மிதிக்கிறவங்க இருக்காங்களா?"

கார் நின்றது பெஞ்சுக்கு எதிரில்தான். நம்மாள் பதில் சொல்வதற்குள் மனைவி எழுந்து வந்து, அவரை இறக்கி, பாப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

கார் போனது. தண்ணீரில் படகு போவதுபோலப் போனது. தெருக்கோடியில் திரும்பி வந்தது. பெஞ்சைத் தாண்டியது. மறுபடி போனது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வேகம். டர்போ 'உஸ்ஸ்' என்று மூச்சு விட்டது. நம்மாள் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பால் பாட்டிலோடு, தன் காரைத் தானே வேடிக்கை பார்த்தார். பாப்பா அம்மாவுக்குக் கை தட்டியது. பிறகு அப்பாவின் சட்டையில் பாலைக் கக்கியது.

"அக்காவுக்கு எப்படி இந்தக் கால்?" என்றார் இறங்கிய மேப்புக்காரர் பரவசமாக.

"ஒரு காலால தொட்டிலை ஆட்டிக்கிட்டுத்தான் துணி மடிக்கிறேன், காய் நறுக்குறேன், சாப்பிடுறேன். வேகம் கூடினாலும் பாப்பா முழிச்சுக்கும், குறைஞ்சாலும் முழிச்சுக்கும்" என்றாள் அவள், வெட்கத்தோடு.

மறுநாள் நம்மாள் ஆபீசுக்குக் கிளம்பினார். தீக்குச்சியைக் கூப்பிட்டு ஆபீஸ் வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார், தான் புயல் மாதிரி வந்து நிற்பதைப் பார்க்க. ஓங்கி மிதித்தார். கார் நிதானமாக நகர்ந்தது. இன்னும் மிதித்தார். வயசானவர் நடைப்பயிற்சி போவதுபோலப் போனது. ஒரு காய்கறி வண்டி அவரை முந்தியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "வண்டி இழுக்கல. இன்ஜெக்டர் போச்சு" என்றார்.

"அப்படியா? எனக்கு நல்லாத்தானே இழுத்துச்சு. வாங்க பாக்கலாம்."

பாப்பாவை மேல் வீட்டு அக்கா வாங்கிக்கொண்டார். புது விரிப்பு வாங்கிக் கொடுத்ததில் சமாதானம் ஆகியிருந்தது. மனைவி சீட்டில் உட்கார்ந்தாள், ஸ்டீயரிங்கைத் துடைப்பதுபோல இரண்டு கையாலும் தடவினாள், கிடங்குத் தெருவுக்கு வந்ததும் மிதித்தாள். நம்மாளின் முதுகு சீட்டுக்குள் போய்ப் பதிந்தது. வயிறு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"அம்மாடி!" என்றார்.

"பாத்தீங்களா? வண்டியில ஒண்ணும் இல்ல. எல்லாம் கால்ல இருக்கு."

"அப்ப எனக்கும் கால் பழகணுமா?"

"பழகினா வந்துடும். வீட்டுலதான் தொட்டில் இருக்கே."

அன்றிலிருந்து நம்மாள் பயிற்சியில் இறங்கினார். ஆபீசிலிருந்து வந்ததும் நாற்காலியைத் தொட்டிலுக்கு அருகில் போட்டு, வலது காலால் ஆட்டினார். ஒரே சீராக ஆட்டினார். கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தை மனசில் நினைத்துக்கொண்டு ஆட்டினார். பாப்பா அப்படித் தூங்கியது பிறந்ததிலிருந்து கிடையாது. மனைவி தலையை அவிழ்த்துப் போட்டு, ஆற அமர எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். மேல் வீட்டு அக்காவோடு உட்கார்ந்து சாவகாசமாகப் பேசினாள். "கால் மடங்குது பாருங்க, நிமித்துங்க" என்று நடுவில் திருத்தம் சொன்னாள்.

ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் கார் அதே நடைப்பயிற்சிதான் போனது.

கடைசியில் பொறுக்கமுடியாமல் ஆபீசிலிருந்து மேப்புக்காரருக்கு ஃபோன் போட்டார்.

"தம்பி, என் காலு இப்போ தங்கமா ஆயிடுச்சு. அப்படியும் வண்டி இழுக்கல."

"காலா? காலுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்? நீங்க எந்த மேப்புல ஓட்டுறீங்க?"

"எத்தனை இருக்கு?"

"ரெண்டு. சாது மேப்பு ஒண்ணு, முரட்டு மேப்பு ஒண்ணு. ஸ்டீயரிங் பட்டனை ஒரு வரிசையில அழுத்தினா முரடு. வண்டியை நிறுத்தினா தானா சாதுவுக்கு வந்துடும். வரிசையை அக்காகிட்ட சொல்லிட்டேனே. 'வீட்டுல குழந்தை மாதிரி ஒருத்தர் இருக்காரு, அவர் கையில கிடைக்காத மாதிரி வைங்க'ன்னு அவங்கதான் கேட்டாங்க. நான் பாப்பாவைச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

நம்மாள் ஃபோனை வைத்தார். அது அடித்தது. எங்கேயோ லிஃப்டில் மாட்டிய ஒருத்தர், "சார், ஏதாவது செய்யுங்க" என்று கதறினார்.

"எனக்கு மட்டும் யாரு செய்றாங்க?" என்றார் நம்மாள்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் பட்டன் வரிசை என்ன?"

மனைவி பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவாப் பேசுங்க. எந்தப் பட்டன்?"

"முரட்டு மேப்பு! மேப்புக்காரன் எல்லாத்தையும் சொல்லிட்டான்."

"ஓ, அதுவா" என்றாள். கொஞ்சம்கூட அசரவில்லை. "அது என் பேர்ல இருக்கட்டும். ஆபீசுக்குப் போக சாது போதும்ல? நேரத்துக்குத்தானே போய்ச் சேர்றீங்க?"

"என் காரும்மா! என் கையால மாட்டின இன்ஜெக்டர்! பெட்ரோல்ல குளிச்சேன்!"

அதைக் கேட்டு அவளுக்கும் பாவமாகப் போய்விட்டது. நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது. பாப்பாவின் பொத்தானைப் போட்டுவிட்டு யோசித்தாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை காலைல, கிடங்குத் தெருவுல மட்டும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். நானே அழுத்தித் தரேன், அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கணும். நான் 'போதும்'னா நிறுத்தணும். சம்மதமா?"

சம்மதம் என்று அவர் சொல்வதற்குள் அவள் எழுந்து போய், அவருக்கும் சேர்த்து டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்லாமலேயே தொட்டிலில் காலை வைத்தார்.

மறுநாள் ஆபீஸ் வாசலில், முரட்டு மேப்பு இருக்கிற கதையை மட்டும் கேள்விப்பட்ட தீக்குச்சி நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு காரைச் சுற்றி நின்றான். "பெரிய இன்ஜெக்டர், புதுக் குழாய், எல்லாம் நம்மாளு தன் கையால மாட்டினதுடா. இனி இந்த வண்டியை இவனைத் தவிர எவனாலயும் பிடிக்க முடியாது" என்று ஊருக்கே கேட்கும்படி அளந்துகொண்டிருந்தான். பிறகு கதவைத் திறந்து தானே உள்ளே ஏறி உட்கார்ந்து, "எங்க, ஒரு ரவுண்டு விடு பாக்கலாம்!" என்றான்.

நம்மாள் சாவியை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார்.